நியூசிலாந்து தென்தீவில் கேம்பர்வேன் பயணம்: பினாங்கிலிருந்து கிளம்பும் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாங்கள் இரண்டு முறை தென்தீவை வாடகைக் கேம்பர்வேனில், அதாவது உள்ளேயே படுக்கையும் அடுப்பும் இருக்கும் வண்டியில், சுற்றி வந்தோம். அதன்பிறகு பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் உள்ள ஐந்து குடும்பங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஐந்து குடும்பமும் முதலில் கொண்டுவந்தது ஒரே மாதிரித் தாளைத்தான்: பார்க்க வேண்டிய இடங்களின் நீண்ட பட்டியல். மாலை நான்கு மணிக்கு வண்டி எங்கே நிற்கும், கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்வது, பிள்ளையின் இருக்கையை எங்கே கட்டுவது என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டிய விவரத்தைத் தருகிறது.

## 1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

அங்கே பருவம் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை. சாலையில் பனிக்கட்டி இருக்கும் வாய்ப்பு குறைவு, உள்ளூர்ப் பள்ளி விடுமுறைக் கூட்டமும் வடிந்திருக்கும். நம் பள்ளி விடுமுறை மார்ச்சில் விழுந்தால் விட்டுவிடாதீர்கள்.

டிசம்பர் விடுமுறையில் போகிறவர்கள் நிறைய. அப்போது அந்த ஊர்க்காரர்களும் விடுமுறையில் இருப்பார்கள். வண்டி வாடகை உச்சத்தில் இருக்கும், இரவில் வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம்களும் நிரம்பிவிடும். அந்த மாதம்தான் முடியும் என்றால் எட்டு ஒன்பது மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் போனால் பிப்ரவரி 6-ஐ நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அது அங்கே பொது விடுமுறை, அதையொட்டி முகாம்கள் நிறையும்.

தீபாவளியை ஒட்டி அக்டோபர், நவம்பரில் போகலாம். ஆனால் அது வசந்தகாலம், கணவாய்களில் திடீரென்று பனி விழும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முதல் பயணம் வேண்டாம். பினாங்கில் இருபது வருடம் ஓட்டியவருக்கும் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலத்தில் ஓட்டிய பழக்கம் இருக்காது.

நாள் கணக்கு: தென்தீவுக்கு மட்டும் வண்டி கையில் இருக்கும் நாட்கள் குறைந்தது பத்து. எட்டு நாள்தான் என்றால் மேற்குக் கரையை விட்டுவிடுங்கள். வடதீவையும் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெலிங்டனிலிருந்து பிக்டனுக்குப் ஃபெரி பயணம் மட்டும் மூன்றரை மணி நேரம். ஏறுவது, இறங்குவது, காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் போய்விடும்.

## 2. ஆள் எண்ணிக்கையைப் பார்த்து வண்டி, வண்டியைப் பார்த்து விமானம்

விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்ததென்று முதலில் அதை வாங்குவது பெரிய தவறு. அந்தத் தேதிகளில் வண்டி இல்லையென்றால் சீட்டை மாற்றக் கட்டணம் கட்ட வேண்டும். முதலில் வண்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் வாங்குங்கள்.

கோலாலம்பூரிலிருந்து ஆக்லாந்துக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் பதினொரு மணி நேரம். அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு உள்நாட்டு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள். இன்னொரு வழி, சிங்கப்பூரிலிருந்து நேராகக் கிறைஸ்ட்சர்ச். பினாங்கிலிருந்து போகிறவர்களுக்கு இந்த வழியில் சுங்கச் சோதனையும் உள்நாட்டு விமான மாற்றமும் ஒரே இடத்தில் வந்து நெருக்காது. பிள்ளைகளோடு போனால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு பேர் படுக்கலாம் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். படுக்கை எண்ணிக்கை வேறு, பெல்ட்டோடு உட்காரும் இருக்கை வேறு, பிள்ளை இருக்கையைக் கட்டும் வசதி வேறு. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை அங்கே அங்கீகரிக்கப்பட்ட பிள்ளை இருக்கையில்தான் உட்கார வேண்டும், அது சட்டம். சில வண்டிகளில் பின் இருக்கைக்கு இடுப்புப் பெல்ட் மட்டும்தான், மேலே கட்டும் கொக்கி இருக்காது. பிள்ளையின் வயதையும் எடையையும் எழுதி, எந்த இருக்கையில் கட்டலாம் என்று மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பாட்டி வந்தால், ஓட்டுநர் இடத்துக்கு மேலே இருக்கும் படுக்கையை அவர்களுக்குக் கணக்குப் போடாதீர்கள். ஏணியில் இரவில் இறங்க முடியாது. அவர்களுக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும், அது பெரும்பாலும் சாப்பாட்டு மேசையை மடக்கித்தான் வரும். அப்படியென்றால் அவர்கள் தூங்கும் நேரம்தான் எல்லாருக்கும் தூங்கும் நேரம். ஐந்து பேருக்கு மேல் என்றால் ஒரு பெரிய வண்டியைவிட இரண்டு சின்ன வண்டி நல்லது, ஓட்ட இருவர் இருந்தால். நம் 'டி' வகை உரிமம் 3500 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குத்தான். ஆறு படுக்கை வண்டிகள் அதைத் தாண்டக்கூடும் என்பதால், உங்கள் உரிமம் செல்லுமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

உள்ளே கழிவறை இருக்கும் வண்டியா, பச்சை வாரண்ட் அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த அட்டை இருந்தால்தான் வண்டி தன் கழிவைத் தானே தாங்கும் வண்டி என்று அர்த்தம். 2023-இல் வந்த சட்டப்படி, தூக்கி வைக்கும் கழிவறை இனிச் செல்லாது, வண்டியோடு பொருத்தியதாக இருக்க வேண்டும். எத்தனை பேருக்கு அனுமதி என்றும் அட்டையில் இருக்கும். இரண்டு பேர் என்று போட்ட வண்டியில் நான்கு பேர் இலவச முகாம் இடத்தில் தங்கினால் அபராதம் நூற்றுக்கணக்கான டாலர்.

## 3. ஒப்பந்தத்தில் விலைக்கு அடுத்த பக்கத்தைப் படியுங்கள்

ஒரு நாள் வாடகையை மட்டும் வைத்து நிறுவனங்களை ஒப்பிடாதீர்கள். சாதாரணக் காப்புறுதியில், விபத்து நடந்தால் உங்கள் பங்கே பல ஆயிரம் டாலர். அந்தத் தொகையைக் கடன் அட்டையில் முடக்கி வைப்பார்கள். ஓட்டுநர் பெயரிலேயே கடன் அட்டை வேண்டும், அதில் அந்த அளவு இடமும் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் டெபிட் அட்டையோடு போய்க் கவுண்டரிலேயே இரண்டு மணி நேரம் நின்றது. பிள்ளைகள் பெட்டிமேல் தூங்கிவிட்டார்கள்.

மலைச்சாலைக்குப் போகிறோம் என்பதால் முழுக் காப்புறுதி எடுங்கள் என்றுதான் சொல்வேன். எடுத்தாலும் சிலவற்றுக்குச் செல்லாது. வண்டியின் கூரை இடிபடுவது, அடிப்பகுதி அடிபடுவது, தவறான எண்ணெய் ஊற்றுவது, தடை செய்த சாலையில் போவது ஆகியவை வழக்கமாக அந்தப் பட்டியலில் இருக்கும். குயின்ஸ்டவுன் பக்கம் ஸ்கிப்பர்ஸ் சாலையும் மவுண்ட் குக் பக்கம் பால் ஹட் சாலையும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் தடை. தார் போடாத சாலை எவ்வளவு தூரம் அனுமதி என்பதையும் பாருங்கள்.

அடுத்தது டீசல். அங்கே டீசல் வண்டிக்குச் சாலை வரியைப் பம்பில் வாங்குவதில்லை, ஓடிய தூரத்துக்கு வாங்குகிறார்கள். இலகு வண்டிக்கு அரசு விகிதம் 1000 கிலோமீட்டருக்கு 76 டாலர். 2000 கிலோமீட்டர் ஓடினால் 152 டாலர், நிறுவனம் அதற்கு மேலும் வைக்கலாம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது இந்தக் கணக்கு வருவதால் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். முதலிலேயே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

## 4. தாள்கள்

மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். ஆனால் பயண அனுமதி வேண்டும். கைப்பேசிச் செயலியில் எடுத்தால் 17 நியூசிலாந்து டாலர், இணையத்தளத்தில் 23. இதோடு சுற்றுலா வரி 100 டாலர் சேரும். பிள்ளைகளுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். 72 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் சீட்டு வாங்கிய வாரமே முடித்துவிடுங்கள். அதிகாரபூர்வத் தளம் போலவே தோற்றத்தில் இருந்து, கூடுதல் கட்டணம் கேட்கும் தளங்கள் உண்டு. தொகை மேலே சொன்னதைவிட வெகுவாகக் கூடினால் மூடிவிடுங்கள்.

பயணத்துக்கு முந்தைய 24 மணி நேரத்தில் பயணி அறிக்கையை நிரப்ப வேண்டும். அது இலவசம்.

ஓட்டுநர் உரிமம்தான் பலர் சறுக்கும் இடம். இப்போது எல்லாரும் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) மைஜேபிஜே செயலியில் உரிமத்தைக் காட்டிப் பழகிவிட்டோம். அங்கே ஓட்டும்போது உரிமத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், வாடகை நிறுவனமும் அட்டையைத்தான் கேட்கும். அட்டை இல்லாதவர்கள் ஜேபிஜே கவுண்டரில் கேட்டு அச்சிட்டு வாங்குங்கள். அப்படியே அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் இல்லாத உரிமத்துக்கு அங்கே மொழிபெயர்ப்போ அனைத்துலக உரிமமோ கட்டாயம். நம் அட்டையில் பாதி ஆங்கிலம் இருக்கிறதே என்று அசதியோடு கவுண்டரில் வாதாடுவதற்கு இது மேல். வண்டி ஓட்டப்போகும் இருவரும் எடுங்கள்.

## 5. பாதையை இரவிலிருந்து தொடங்கிப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் மனதில் வைக்க முடியும் என்றால் இந்தப் படியை வையுங்கள்.

வரைபடத்தைத் திறந்து பார்க்கும் இடங்களைக் குறிக்காதீர்கள். தூங்கும் இடங்களைக் குறியுங்கள். மாலை நான்கு மணிக்கு வண்டி நின்றுவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நான்கு மணி ஏன்? வண்டியைச் சமமாக நிறுத்தி, மின்கம்பி மாட்டி, தண்ணீர் நிரப்பி, சமைத்து, படுக்கை விரிக்க இரண்டு மணி நேரம் ஆகும். இருட்டில் தெரியாத இடத்தில் ஆறு மீட்டருக்கு மேல் நீளமான வண்டியைப் பின்னால் எடுக்கும்போதுதான் கூரையும் பம்பரும் மரத்தில் இடிக்கும்.

நேரக் கணக்கு: கூகுள் மேப் சொல்லும் நேரம் காருக்கு. கேம்பர்வேனுக்கு அதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள், பிள்ளைகள் இருந்தால் பாதியைக் கூட்டுங்கள். நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 250 கிலோமீட்டர் என்பது இரண்டரை மணி நேரம். அங்கே அதே தூரம், மலைச்சாலையில், நின்று நின்று போனால் ஒரு முழு நாள். ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போடாதீர்கள், மூன்று நாளுக்கு ஒரு முறை வண்டியை நகர்த்தாமல் இருங்கள்.

நான் எல்லாருக்கும் முதலில் போட்டுக் கொடுக்கும் சுற்று இது. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ ஏரி, ஏறத்தாழ 225 கிலோமீட்டர். அடுத்த நாள் அங்கிருந்து மவுண்ட் குக் அடிவாரம், 105 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே நடைபாதைகள் இருப்பதால் இரண்டு இரவு வையுங்கள். பிறகு 971 மீட்டர் உயரத்தில் இருக்கும் லிண்டிஸ் கணவாய் வழியாக வானாகா, சுமார் 210 கிலோமீட்டர்.

வானாகாவிலிருந்து குயின்ஸ்டவுனுக்கு இரண்டு வழி. கிரவுன் ரேஞ்ச் சாலை குறுக்கு வழி, 70 கிலோமீட்டருக்குள். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, இறங்கும் பக்கம் கொண்டை ஊசி வளைவுகளாக விழும். குரோம்வெல் வழி 115 கிலோமீட்டர், ஆற்றோரமாகப் போகும். கேம்பர்வேனில் குரோம்வெல் வழிதான். கிரவுன் ரேஞ்சைச் சில ஒப்பந்தங்களே தடுக்கின்றன.

குயின்ஸ்டவுனிலிருந்து டே அனாவு 170 கிலோமீட்டர். அங்கே இரண்டு இரவு. நடு நாளில் மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போய்வர வேண்டும், ஒரு வழி 120 கிலோமீட்டர். குயின்ஸ்டவுனிலிருந்து ஒரே நாளில் மில்ஃபோர்ட் போய்த் திரும்பலாம் என்று திட்டம் போட்ட இரண்டு குடும்பத்தையும் நான் தடுத்தேன். அது போக வர 570 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் வளைந்து வளைந்து போகும் சாலை. டே அனாவில் எண்ணெயை நிரப்பிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். போகும் வழியில் ஹோமர் சுரங்கம், 1.2 கிலோமீட்டர், உள்ளே சரிவாக இறங்கும். அதன் வாசலில் சிக்னலுக்குக் காத்திருக்கும்போது கியா என்ற பச்சைக் கிளிகள் வண்டிமேல் வந்து உட்கார்ந்து ரப்பரைப் பிய்க்கும். தீனி போடாதீர்கள், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

திரும்பி வானாகா வந்து, ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கரை. வானாகா முதல் ஹாஸ்ட் 140 கிலோமீட்டர், அங்கிருந்து ஃபாக்ஸ் பனிப்பாறை 120. இந்தப் பகுதியில் பெரும்பாலும் கைப்பேசிக்கு அலை கிடைக்காது, எண்ணெய் நிலையமும் அரிது. பிறகு ஃபிரான்ஸ் ஜோசஃப், ஹோகிட்டிக்கா. அங்கிருந்து ஆர்தர்ஸ் பாஸ் வழியாகக் கிறைஸ்ட்சர்ச், சுமார் 245 கிலோமீட்டர். அந்த மலையின் மேற்குப் பக்கம் ஏற்றம் கடுமை. பெரிய வண்டியோ பயந்த ஓட்டுநரோ என்றால் வடக்கே லூயிஸ் பாஸ் வழியாகச் சுற்றுங்கள். தூரம் கூடும், சரிவு குறையும்.

எல்லாம் சேர்த்து 2000 கிலோமீட்டர் பக்கம் வரும். பன்னிரண்டு நாளுக்கு நிதானமாகப் போகும், பத்து நாளுக்கு இறுக்கம். ஒரு நாளை ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விடுங்கள். மழையால் மில்ஃபோர்ட் சாலையோ ஹாஸ்ட் சாலையோ மூடினால் அந்த ஒரு நாள்தான் திட்டத்தைக் காப்பாற்றும்.

## 6. இரவு நிறுத்தங்களில் மூன்று வகை

முதல் வகை ஹாலிடே பார்க். மின் இணைப்பு, சுடுநீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம், பொதுச் சமையலறை எல்லாம் இருக்கும், விலையும் கூடுதல். இரண்டாவது, டாக் என்று சுருக்கிச் சொல்லும் அரசு வனப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள். மின்சாரம் இருக்காது, சிலவற்றில் குழாயும் கழிவறையும் மட்டும். மவுண்ட் குக் அடிவாரத்தில் இருக்கும் வைட் ஹார்ஸ் ஹில் இந்த வகை. மூன்றாவது, பச்சை அட்டை வண்டிகளுக்கு உள்ளூர் மன்றம் அனுமதித்த இலவச இடங்கள்.

மூன்றிலும் மாறி மாறித் தங்குங்கள், ஆனால் மூன்று இரவுக்கு ஒன்றாவது ஹாலிடே பார்க்காக இருக்கட்டும். பேட்டரியும் தண்ணீரும் கழிவும் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. முதல் இரவும் கடைசி இரவும் கட்டாயம் ஹாலிடே பார்க். முதல் இரவில் ஏதாவது புரியாவிட்டால் பக்கத்து வண்டிக்காரர் காட்டித் தருவார். கடைசி இரவில் எல்லாவற்றையும் கழுவிக் காலி செய்ய வசதி வேண்டும்.

இலவச இடம் என்றால் எங்கே வேண்டுமானாலும் என்று பொருளில்லை. ஒவ்வொரு மன்றத்துக்கும் விதி வேறு, குயின்ஸ்டவுன் பக்கம் மிகவும் கண்டிப்பு. கேம்பர்மேட் செயலியில் இடத்தைப் பார்த்துவிட்டு, அங்கே போனதும் அறிவிப்புப் பலகையையும் படியுங்கள். பலகை சொல்வதுதான் சட்டம்.

## 7. சாப்பாட்டு மூட்டை

நம் ஆட்கள் அதிகம் கேட்பதும் அதிகம் தவறு செய்வதும் இதில்தான். உணவுப் பொருள் எதுவானாலும் அறிக்கையில் ஆம் என்று குறியுங்கள். அறிவித்த பொருள் அனுமதியில்லை என்றால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அறிவிக்காமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைக் கைப்பையில் மறந்தாலும் இதுதான்.

கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பழம், தேன், இறைச்சி, முட்டை எதையும் எடுக்காதீர்கள். அம்மா போட்ட ஊறுகாயையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பெயரும் பொருட்களும் அச்சிடாத பாட்டிலைப் பார்த்தால் கேள்வி வரும். கடையில் வாங்கிய, மூடி பிரிக்காத, ஆங்கிலத்தில் பொருள் பட்டியல் இருக்கும் மசாலாத் தூள்களை எடுக்கலாம். அவற்றை ஒரே பையில் வைத்து அந்தப் பையை அப்படியே காட்டுங்கள். மலையேறும் காலணியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள், அடியில் மண் இருந்தாலும் பிரச்சினை.

அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாம் கிறைஸ்ட்சர்ச்சில் வாங்கிக்கொள்ளலாம். பாக்'ன்சேவ், வுல்வர்த்ஸ் போன்ற பேரங்காடிகள் உண்டு, இந்திய மளிகைக் கடைகளும் உண்டு. மேற்குக் கரையில் சின்னக் கடைகள்தான், விலை கூடுதல். வானாகாவிலேயே நான்கு நாளுக்கு வாங்கிவிடுங்கள்.

ரைஸ் குக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. என் தம்பி டெக்காப்போவிலிருந்து கூப்பிட்டு, "அண்ணே, குக்கர் எரியவே மாட்டேங்குது" என்றான். வண்டியின் சுவர்ப் பிளக்கில் மின்சாரம் வருவது முகாமின் மின்கம்பியை மாட்டியிருக்கும்போது மட்டும்தான். மற்ற நேரத்தில் விளக்கும் தண்ணீர்ப் பம்பும் பேட்டரியில் ஓடும், குக்கர் ஓடாது. அதனால் கேஸ் அடுப்பில் வைக்கும் ஒரு சின்ன பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள். சோறு பத்து நிமிடத்தில் முடியும், கேஸும் மிச்சம். பிளக் வடிவமும் நம்முடையதில்லை, சாய்வான தட்டைக் கால் உள்ள மாற்றி வேண்டும்.

தாளிப்பை வண்டிக்குள் செய்யாதீர்கள். கடுகும் மிளகாயும் வெடித்த நெடி மெத்தையில் ஏறினால் பயணம் முடியும்வரை போகாது, துப்புரவுக் கட்டணம் கேட்கவும் வாய்ப்பு உண்டு. ஹாலிடே பார்க்கின் பொதுச் சமையலறையில் ஒரு டப்பா நிறைய தாளிப்பும் வதக்கிய வெங்காயமும் செய்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் மற்ற நாளில் கலந்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் ரசமும் புளிச்சோறும் மூன்று நாள் இப்படித்தான் ஓடின.

## 8. கிளம்பும் முன் இங்கேயே ஓர் ஒத்திகை

ஒரு டொயோட்டா ஹையேஸோ உயரமான எம்பிவியோ இரவல் வாங்கி, முதல் நாள் தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஓட்டுங்கள். இன்னொரு வார இறுதியில் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறி இறங்குங்கள். நாம் ஏற்றத்துக்குப் பயப்படுவோம், ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது இறக்கம். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்காமல், கியரைக் குறைத்து இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்கப் பழகுங்கள். பயணத்தில் ஓட்டப்போகும் இருவருமே இதைச் செய்ய வேண்டும். வாந்தி எடுக்கும் பிள்ளை யார் என்பதும் இங்கேயே தெரிந்துவிடும்.

## 9. வண்டியைக் கையில் வாங்கும் நாள்

இரவு விமானத்தில் இறங்கிய உடனே வண்டியை எடுக்காதீர்கள். கோடையில் அங்கே நமக்கு ஐந்து மணி நேரம் முன்னால் இருப்பார்கள், தூக்கம் கெட்டிருக்கும். முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி. மறுநாள் காலையில் முதல் ஆளாக வாடகை நிறுவனத்தின் டிப்போவுக்குப் போங்கள்.

அவர்கள் பத்து நிமிடத்தில் காட்டி அனுப்பப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஊழியர் விளக்குவதை அப்படியே கைப்பேசியில் படம் பிடியுங்கள். அப்புறம் நீங்களே ஒரு முறை எல்லாவற்றையும் செய்து பாருங்கள்: கேஸைத் திறந்து அடுப்பைப் பற்றவைப்பது, ஹீட்டரைப் போடுவது, கழிவறைத் தொட்டியைக் கழற்றி மாட்டுவது, மின்கம்பி மாட்டுவது, ஒரு படுக்கையை விரிப்பது. நாங்கள் முதல் முறை படுக்கையை விரித்துப் பார்க்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒரு பலகை குறைவது தெரிந்து, பெட்டியை அடியில் கொடுத்துத் தூங்கினோம்.

கீறல்களைப் படம் எடுக்கும்போது கூரையையும் முன்கண்ணாடியையும் விடாதீர்கள். கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி பழையதா புதியதா என்பது பின்னால் தகராறாகும். வண்டியின் உயரத்தைக் கேட்டு ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். பேரங்காடி நிறுத்துமிடக் கம்பிக்குக் கீழே நுழையும்போதுதான் அந்த எண் தேவைப்படும், அப்போது ஞாபகம் வராது.

அன்று முதல் நாளே டெக்காப்போ போயே ஆக வேண்டும் என்றில்லை. மளிகை வாங்கிக்கொண்டு ஊரைவிட்டு ஒரு மணி நேரத் தூரத்தில் தங்கினாலும் போதும்.

## 10. மலைச்சாலையில்

இடது பக்கம் ஓட்டுவதால் நமக்குப் பாதிச் சிரமம் இல்லை. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

திறந்த சாலையில் வேக எல்லை 100, ஊருக்குள் பொதுவாக 50. 100 என்பது எல்லை, ஓட்ட வேண்டிய வேகமில்லை. வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் 25, 35 என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை மதியுங்கள், உயரமான வண்டிக்கு அதற்கும் ஐந்து குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைவழிப் பாலங்கள் மேற்குக் கரையில் நிறைய வரும். சிவப்பு வட்டப் பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நின்று எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும். நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரிதாக வெள்ளையில் இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை. முன்னுரிமை இருந்தாலும் மெதுவாகப் பார்த்துத்தான் நுழைய வேண்டும், எதிரே வருகிறவரும் புதியவராக இருக்கலாம்.

பின்னால் இரண்டு மூன்று வண்டி சேர்ந்துவிட்டால் அடுத்த அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். இது அங்கே அடிப்படை மரியாதை. வழிவிடாமல் ஊர்ந்து போனால், பின்னால் இருப்பவர் பொறுமையிழந்து வளைவில் முந்துவார். ஆபத்தான ஓட்டுதலைச் சொல்ல *555 என்ற எண் அங்கே உண்டு, உங்களைப் பற்றியே யாராவது கூப்பிடலாம். படம் எடுக்கச் சாலையோரத்தில் நிற்காதீர்கள், ஒதுக்கிய இடத்தில் மட்டும் நில்லுங்கள்.

காற்று பற்றி யாரும் முன்பே சொல்வதில்லை. கேன்டர்பரி, டெக்காப்போ பக்கம் வடமேற்குக் காற்று பலமாக அடிக்கும். வண்டிக் கதவைத் திறக்கும்போது கையால் பிடித்துக்கொண்டே திறவுங்கள். விட்டால் கீல் வளைந்துவிடும், அது பெரிய செலவு. பிள்ளைகளைக் கதவைத் திறக்க விடாதீர்கள்.

தினமும் காலையில் கிளம்பும் முன் நியூசிலாந்துப் போக்குவரத்து நிறுவனத்தின் ஜர்னி பிளானரில் அன்றைய சாலை நிலவரத்தைப் பாருங்கள். வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

## 11. தினசரி வேலை

ஒருவருக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொடுங்கள், தினமும் மாற்றாதீர்கள். எங்கள் வீட்டில் கேஸ் என் மனைவி, கழிவு நான், அலமாரிக் கதவுகளைப் பூட்டுவது மூத்த பிள்ளை. வண்டி நகரும் முன் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: கேஸ் மூடியாச்சு, மின்கம்பி கழற்றியாச்சு, மேல் சன்னல் மூடியாச்சு, அலமாரி பூட்டியாச்சு. அதில் ஒரு நாள் அலமாரியை விட்டோம், முதல் வளைவிலேயே தட்டெல்லாம் தரையில்.

தண்ணீர் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம். பச்சை வாரண்ட் அட்டை பெறுவதற்கான அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மூன்று நாளுக்கு. உங்கள் வண்டியில் அதைவிட அதிகம் இருக்கலாம், ஆனால் வாளியில் மொண்டு ஊற்றிப் பழகிய குளியலுக்கு ஒருபோதும் போதாது. குளியலை ஹாலிடே பார்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தை முதலில் டிஷ்யூ தாளால் துடைத்துவிட்டுக் கழுவினால் தண்ணீரும் மிச்சம், கழிவு நீர்த் தொட்டியும் நாறாது.

கழிவறைத் தொட்டியை டம்ப் ஸ்டேஷன் என்ற இடத்தில் மட்டும் காலி செய்ய வேண்டும். நான்கு பேர் பயன்படுத்தினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். நிறையும்வரை காத்திருக்காதீர்கள், கனத்தால் தூக்க முடியாது. கையுறை போடுங்கள், குடிநீர்க் குழாயையும் கழுவும் குழாயையும் மாற்றிவிடாதீர்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வழியில் பொதுக் கழிவறை இருக்கும்போதெல்லாம் எல்லாரும் இறங்கிப் போங்கள், இந்த வேலை பாதியாகக் குறையும்.

சமைக்கும்போது குளிருக்குப் பயந்து எல்லாச் சன்னலையும் மூடாதீர்கள், கேஸ் அடுப்பு எரியும்போது காற்று வந்துபோக வேண்டும். அடுப்பை ஹீட்டராகப் பயன்படுத்தவே கூடாது. டே அனாவு பக்கமும் மேற்குக் கரையிலும் சாண்ட்ஃபிளை என்ற சின்ன ஈ கடிக்கும், கொசுவைவிட மோசம். அங்கே விற்கும் பூச்சிவிரட்டியையே வாங்குங்கள்.

## 12. திருப்பிக் கொடுக்கும் நாள்

பல டிப்போக்கள் பிற்பகலிலேயே மூடிவிடும். அன்று வேறு எந்தத் திட்டமும் வேண்டாம். டீசலை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்குரிய எண்ணெய் எது என்று மூடியில் பார்த்துவிட்டே பம்பைத் தொடுங்கள். கழிவறைத் தொட்டியும் கழிவு நீரும் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தனிக் கட்டணம்.

மிஞ்சிய அரிசி, எண்ணெய், உப்பைக் குப்பையில் போடாதீர்கள். பல ஹாலிடே பார்க் சமையலறைகளில் இலவச அலமாரி உண்டு, கடைசி இரவு அங்கே வைத்துவிடுங்கள். அன்று காலை வண்டி எடுத்த இன்னொரு குடும்பத்துக்கு உதவும்.

சாவியைக் கொடுக்கும் முன் ஓடிய தூரம் காட்டும் மீட்டரையும், வண்டியின் நான்கு பக்கத்தையும் கூரையையும் மறுபடி படம் எடுங்கள். சாலை வரிக் கணக்கை அந்த எண்ணோடு சரிபாருங்கள். சேதம் இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடக்கிய பணம் அட்டைக்குத் திரும்பச் சில வாரம் ஆகலாம், அதுவரை படங்களை அழிக்காதீர்கள்.